நல்லபடி நடத்தினால் மூன்று வரி

20.1.2025 திங்கள்

மிளகாய்க்கு மருந்தடிக்க வருகிறேன் என்றவன் வரவில்லை. இவரே டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு போனார். நான் ஆட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வருவதற்குள் சின்னவள் சிநேகா காலேஜில் இருந்து வந்துவிட்டாள். என் போனை வாங்கி எதையோ ஏற்றினாள்.

"அக்கா பேசுன கேம்மு வந்துருச்சும்மா" என்றாள்.

அக்கா என்றால் மூத்தவள் மதுமதி. போன வருசப் பொங்கலுக்கு வந்தபோது சொன்னாள். மெட்ராஸில் கூட வேலை பார்க்கிற அம்ரீன் ஒரு விளையாட்டுக்குக் கதை எழுதுகிறாள், அதில் வருகிற பெண்ணுக்கு நம்ம ராமநாதபுரத்துப் பேச்சு வேண்டுமாம், நான்தான் பேசுகிறேன் என்று. விளையாட்டுக்கு எதுக்குத்தா கதை என்று கேட்டேன். சிரித்தாள். பங்குனியில் ஹாஸ்டலில் காய்ச்சல் என்று படுத்தாள். ஊருக்கு அவளை வண்டியில் கிடத்தித்தான் கொண்டுவந்தார்கள்.

சிநேகா எதையோ அமுக்கினாள். 'அம்மா' என்று மதுமதி கூப்பிட்டாள்.

போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன்.

23.1.2025 வியாழன்

வீட்டில் ஆள் இல்லாத நேரம் பானையைத் திறந்தேன்.

நான் அஞ்சாப்பு. நோட்டில் எழுதி எழுதிக் கை ஓடும், அச்சில் இருப்பதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நல்லவேளை, கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தனுஷ்கோடிப் புயலில் எல்லாரையும் பறிகொடுத்த ஒரு பிள்ளை, பேர் பூரணம். மண்டபத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். விளையாடுகிற நாம்தான் அந்த வீட்டுக்காரி. நம்மை அவள் அம்மா என்கிறாள். ஒவ்வொரு இடத்திலும் ரெண்டு பதில் வரும், ஒன்றை நாம் தொடவேண்டும். 'கஞ்சி ஊற்று', 'விரட்டு'. இப்படி.

பெற்றவள் கை எதன் மேல் போகும்? ஊற்றினேன். பாய் கொடுத்தேன். அவள் தம்பி உயிரோடு மதுரையில் சித்தி வீட்டில் இருக்கிறான் என்று ஓர் ஆள் வந்து சொன்னான். 'சொல்', 'மறை' என்று வந்தது. சொன்னேன். பஸ் நிற்கிற இடத்தில் கடைசியாகக் கேட்டது: 'போகாதே', 'ஏறிக்கோ'. ஏறிக்கோ என்பதைத் தொட்டேன்.

"வயிறு நெறஞ்சிருக்கும்மா. நான் நல்லாருப்பேன். வண்டி வந்துருச்சு, வாரேன்."

இவ்வளவுதான். பஸ் போய்விட்டது. பேர்களாக ஓடியது. குரல்: மதுமதி நாகநாதன் என்று ஒரு தடவை வந்து மேலே போனது.

உலை கொதிப்பதற்குள் கதை முடிந்துவிட்டது.

24.1.2025 வெள்ளி

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பாய்க்குப் பதில் ஜமுக்காளம் கொடுத்தேன். கஞ்சிக்குப் பதில் சோறு போட்டேன். அதே மூன்று வரிதான். நல்லபடி நடத்தினால் அதற்கு மேல் பேசமாட்டாளாம்.

2.2.2025 ஞாயிறு

இந்த விளையாட்டைப் பற்றி ஊரெல்லாம் எழுதுகிறார்கள் என்று சிநேகா படித்துக் காட்டினாள். கதைன்னா இதுதான் கதை என்று ஒருவர். பூரணத்தை நினைத்து ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று ஒருவர். இன்னொருவன் மட்டும் திட்டியிருந்தான். பத்து நிமிசத்தில் பஸ் ஏறிப் போய்விட்டாள், இதெல்லாம் ஒரு கதையா என்று.

"எனக்கும் அப்படித்தானே முடிஞ்சுச்சு" என்றேன்.

"நீ நல்லவளா நடந்துருக்க. அந்த ஆளும் அப்படித்தான். வஞ்சா, அடிச்சா, பூட்டி வச்சா அவ பேசுறதே வேறயாம். மணிக்கணக்கா இருக்காம்."

"எம்புட்டு நேரம் பேசுவா?"

சிநேகா என்னைப் பார்த்தாள். "நீ அந்த வழியில போகாதம்மா."

நான் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தேன்.

3.2.2025 திங்கள்

விரட்டு என்பதைத் தொட்டேன். பேசினாள்.

9.2.2025 ஞாயிறு

மிளகாய் பழுக்கத் தொடங்கிவிட்டது. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. வரப்பில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் கஞ்சி கொடுக்காமல் விட்டால் பூரணம் சாயங்காலம் நேராகக் கேட்பதில்லை. "கோழிக்கு இரை வச்சாச்சாம்மா?" என்று கேட்கிறாள். பசித்த பிள்ளை இப்படித்தான் கேட்கும். எழுதியவளுக்குப் பசி தெரிந்திருக்கிறது. ஒரு நாள் நான் வைததை மறுநாள் ஞாபகம் வைத்துக்கொள்கிறாள். அடுத்த நாள் அன்பாகக் கூப்பிட்டாலும் ரெண்டு எட்டுத் தள்ளித்தான் நிற்கிறாள். அதுவும் நிசம்.

ஓர் இடம் மட்டும் பொய். தண்ணீர் கொடுத்ததற்கு நன்றிம்மா என்கிறாள். எங்கள் பக்கம் எந்தப் பிள்ளை அப்படிச் சொல்லும்? அந்த இடத்தில் மதுமதிக்கே குரல் ஒட்டவில்லை. அதை மட்டும் தாண்டிப் போய்விடுகிறேன்.

மழையில் வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டினால் இப்படிச் சொல்கிறாள்: "கதவத் தொறங்கம்மா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்."

இன்றைக்கு அதை எத்தனை தடவை பூட்டினேன் என்று எனக்கே தெரியாது.

14.2.2025 வெள்ளி

பழம் பறித்தோம். மிளகாய்க் காட்டில் ஒரு வசதி, கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் என்னவென்று கேட்கமாட்டார்கள்.

சாப்பிட உட்கார்ந்தபோது போனைப் போட்டேன். இவர் தட்டில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"புள்ளைய ஏன் அழவிடுற?" என்றார்.

"அது நம்ம புள்ள இல்ல. கதை."

"கதைன்னா ஏன் கேக்குற?"

கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். சோறு அப்படியே கிடந்தது.

20.2.2025 வியாழன்

தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற சேதியை இந்தத் தடவை மறைத்தேன். மறைத்தால் பிறகு இன்னொன்று கேட்கிறது. 'ஒன்றும் தெரியாது என்று சொல்', 'செத்துவிட்டான் என்று சொல்'.

சொன்னேன்.

முதலில் சத்தமே இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு வந்தது. நடிப்பு இல்லை அது. சின்னப்பிள்ளையில் மதுமதி வளர்த்த நாய்க்குட்டியை லாரி அடித்தபோது அழுதாளே, அந்த அழுகை. அதே இடத்தில் மூச்சு அறுகிறது, அதே மாதிரி மூக்கை இழுத்துவிட்டு மறுபடி தொடங்குகிறாள். யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் இவளுக்கு? அந்த நாயை நினைத்துக்கொண்டுதான் பேசினாளா?

எங்கேயும் இவ்வளவு நேரம் அவள் பேசவில்லை. இதுதான் இருப்பதிலேயே நீளம்.

அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினேன். திரும்ப அங்கே போய்ச் சேர அவளை எல்லாப் பாடும் படுத்தியாகவேண்டும். படுத்தினேன்.

23.2.2025 ஞாயிறு

அம்ரீன் வந்திருந்தது. நோன்பு தொடங்குவதற்கு முன்னால் ராமநாதபுரத்துக்கு வீட்டுக்கு வந்ததாம். இங்கன வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பஸ் மாறி வந்திருக்கிறது. நல்ல பிள்ளை. மதுமதி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது.

கதை நல்லாருக்கு தாயி என்றேன். கோழி இரை விசயத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது அதற்கு. பிறகு கேட்டேன்.

"அவள நல்லா வச்சிருக்கிற வழிக்கு மட்டும் ஏன் மூணே வரி?"

அம்ரீன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது. "நல்லா இருந்தா விளையாடுறவுக பாதியில வச்சுட்டுப் போயிருவாகம்மா. அவ அழுதாத்தான் கடைசி வரைக்கும் வருவாக."

"சந்தோசமா இருக்கிற பொம்பளப் புள்ளைக்குப் பேச்சே இருக்காதா?"

"எழுதிப் பாத்தேன். எனக்கு வரல."

மதுமதி பேசியதில் மிச்சம் ஏதாவது கிடக்குமா என்று கேட்டேன். கதையில் சேர்த்தது மட்டும்தான் இருக்கிறதாம், வேண்டாததை அப்போதே அழித்துவிட்டார்களாம். சிரிக்கிற மாதிரி எங்கேயாவது? "பூரணம் சிரிக்க மாட்டாம்மா" என்று சொல்லும்போதே அதற்கு அழுகை வந்துவிட்டது.

தேற்றியிருக்கவேண்டும். ஒரு பிள்ளை வீடு தேடி வந்து அழுகிறது. நான் தலையைச் சாய்த்து அந்தச் சத்தம் யார் சத்தம் மாதிரி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். யார் மாதிரியும் இல்லை. பிறகுதான் டீ போட எழுந்தேன்.

9.3.2025 ஞாயிறு

எல்லா வழியும் போய்விட்டேன். செய்கிற கொடுமை எதையும் மிச்சம் வைக்கவில்லை. வளையலை உடைத்தேன். உப்பு மூட்டை சுமக்கவிட்டேன். திருடி என்று ஊரைக் கூட்டினேன். கிணற்றடி வரைக்கும் அவளைக் கொண்டுபோய்விட்டேன். இனி அவள் சொல்வது எல்லாம் எனக்கு மனப்பாடம். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக ஒரு சொல் கிடையாது. இனிமேல் கிடையவே கிடையாதா?

16.3.2025 ஞாயிறு

களத்தில் பழம் காயப்போட்டிருந்தோம். சிநேகா பலகையால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் படிக்கவேண்டும் என்று அவசர அவசரமாகத் தள்ளினாள். நான் சொன்னேன்,

"அன்னைக்கு அக்கா கூப்புட்டப்ப நீ போன எடுத்திருந்தா அவ இருந்திருப்பா."

காய்ச்சலில் படுத்தவள் முதலில் இவளுக்குத்தான் கூப்பிட்டாள். இவள் வகுப்பில் இருந்தாள், எடுக்கவில்லை. மதியம் இவளே திரும்பக் கூப்பிட்டுப் பேசியும் விட்டாள். அதற்குப் பிறகு அஞ்சாறு நாள் மதுமதி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். எடுத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

பலகையைக் கீழே போட்டுவிட்டுக் களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சத்தம் இல்லை. பிறகு வந்தது. அதே இடத்தில் மூச்சு அறுந்தது. மூக்கை இழுத்துவிட்டு மறுபடி—

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

19.3.2025 புதன்

இன்றைக்கும் சொன்னேன்.

22.3.2025 சனி

சிநேகா இப்போது அழுவதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். இன்னும் கடுசாகச் சொல்லவேண்டியிருக்கிறது. சாகவேண்டியவள் நீதான் என்கிற வரைக்கும் வாயில் வந்துவிட்டது. ஆடு கத்தியது, எழுந்து போய்விட்டேன். ஆடு கத்தாவிட்டால் சொல்லியிருப்பேன்.

பரமக்குடியில் இருந்து நாத்தனார் முருகம்மாள் மதினி வந்திருக்கிறார்கள். மதுமதி போய் வருசம் திரும்பிவிட்டது. கல்யாணம் ஆகாமல் போனவள், வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடவேண்டும். புதுச் சேலை, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாம் ஓலைப்பெட்டியில் வைத்து வருகிற வெள்ளிக்கிழமை படையல். கன்னி வீட்டுப் பொம்பளை யார் மேலாவது இறங்கி வந்து பேசிவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்றார்கள் மதினி.

"என்னங்க மதினி பேசும்?" என்றேன்.

"மனசுல உள்ளதப் பேசும்" என்றார்கள்.

புதிதாகப் பேசுமா என்றுதான் கேட்க நினைத்தேன்.

28.3.2025 வெள்ளி

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் படையல். அவளுக்குப் பிடித்த பச்சை நிறச் சேலை. பணியாரம், பாசிப்பருப்புப் பாயசம். மதினி குலவை போட்டார்கள். சாம்பிராணி போட்டுக் கொஞ்ச நேரம் இருக்காது, சிநேகா முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். தலைமுடி அவிழ்ந்துவிட்டது. இவர் அப்படியே தரையில் விழுந்துவிட்டார். ஆத்தா, மதுமதி, அய்யாவுக்கு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுத்தா என்று அழுதார். பெற்ற அன்றைக்கும் அழாத மனுசன், செத்த அன்றைக்கும் அழாத மனுசன்.

வாயைத் திறந்தாள். மதுமதி குரல். அச்சு அசல் மதுமதி குரல்.

"கதவத் தொறங்கம்மா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்."

எல்லாரும் அழுதார்கள். பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மதினி கதவை அகலத் திறந்துவிட்டு வா தாயி உள்ள வா என்று வாசலுக்குத் தண்ணீர் தெளித்தார்கள்.

அது மழையில் நிறுத்திக் கதவைப் பூட்டினால் வருகிற வரி. என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"இது எனக்குத் தெரிஞ்சது" என்றேன். "வேற சொல்லு."

சிநேகா ஆட்டத்தை நிறுத்தவில்லை. நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். வேற சொல்லுடி, புதுசாச் சொல்லு என்று கத்தினேன். ஆட்டம் நின்றுவிட்டது. முடியை ஒதுக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற இல்லம்மா. என்கிட்ட இம்புட்டுதான் இருக்கு."

இது அவள் குரல். சின்னவள் குரல். எனக்கே அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது.

மதினி சட்டென்று விபூதியை அவள் நெற்றியில் அப்பி, கன்னி மலையேறிட்டா, எல்லாரும் பாயசம் வாங்கிக்கங்க என்று ஆட்களைத் திருப்பிவிட்டார்கள். இவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. முகம் தரையிலேயே இருந்தது.

29.3.2025 சனி

மதினி போகும்போது என்னிடம் பேசவில்லை.

சிநேகா கிணற்றடியில் தலை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவளே பேசினாள்.

"ஒரு தடவ அக்கா வந்து பேசிட்டுப் போயிட்டா நீ என்னைய விட்டுருவன்னு நெனச்சேன். எனக்கு என்ன தெரியும் அவ என்ன பேசுவான்னு? நீ போட்டுப் போட்டுக் கேட்டது செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்கும் மனப்பாடமாயிருச்சு."

தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

"நீ கேக்குறது அக்கா குரல. அது என் தொண்டையிலயும் கெடக்கு. அதுக்கு நான் என்னம்மா செய்ய?"

27.4.2025 ஞாயிறு

சிநேகாவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. கோயமுத்தூரில் சிநேகிதி வேலை பார்க்கிற கடையிலேயே இவளுக்கும் இடம் சொல்லி வைத்தாயிற்றாம். எல்லாம் பேசி முடித்தபிறகு இவர் வந்து சொன்னார்.

"அது இங்கன இருக்க வேணாம்."

"பொட்டப்புள்ள, தனியா" என்றேன்.

"இங்கன மட்டும் யாரு கூட இருந்துச்சு?"

பரமக்குடி வரைக்கும் இவரே கொண்டுபோய் வண்டி ஏற்றிவிட்டு வந்தார். நான் களத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். சிநேகா வந்து நின்றாள். வாரேம்மா என்றாள். ஊசியை விட்டு எழுந்திருப்பதற்குள் வண்டிச் சத்தம் கேட்டுவிட்டது.

18.5.2025 ஞாயிறு

அவள் இவருக்குத்தான் கூப்பிடுகிறாள். இவர் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறார். திரும்பி வந்து, நல்லாருக்காளாம் என்பார். அதற்கு மேல் நானும் கேட்பதில்லை.

8.6.2025 ஞாயிறு

விளையாட்டைத் திறந்தேன். பூரணம் கிணற்றடியில் நின்றாள், நான் கடைசியாகக் கொண்டுபோய் நிறுத்திய அதே இடத்தில். அம்மா என்றாள். மூடிவிட்டேன்.

6.7.2025 ஞாயிறு

இவர் கமுதிக்குச் சாக்கு வாங்கப் போயிருந்தார். போனை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அடித்தது. நான் எடுத்தேன்.

"அய்யா இல்லையா?" என்றாள் சிநேகா.

இல்லை என்றேன். அந்தப் பக்கம் பஸ் சத்தம், ஆட்கள் சத்தம். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"சாப்பிட்டியாத்தா?"

"சாப்பிட்டேன்."

"உடம்பு?"

"நல்லாருக்கேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளாகப் பேசமாட்டாள். எனக்கு ஒன்று தெரியும். அக்கா இருந்திருந்தா இப்படி என்னைய விட்டுட்டுப் போயிருப்பாளா — இதை மட்டும் சொன்னால் போதும். ரோடு என்றும் பார்க்காமல் அழுவாள். அந்தக் குரலில் அழுவாள். பேசுவாள், கால் மணி நேரமாவது பேசுவாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ரெண்டு மாதமாக இந்த வீட்டில் பொம்பளைக் குரல் என்று என் குரல்தான் இருக்கிறது.

"அம்மா" என்றாள். "பஸ் வந்துருச்சு."

"ஏறிக்கோ" என்றேன்.